பிரிச்சு விட்டேக்கு

மலையாள நாட்டில், வித்துராவுக்கு மேலே ஒரு கல் கிரஷர். ஜல்லியைச் சுமக்கும் கன்வேயர் பெல்ட் அங்கே ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடியது. ஓட்டுகிறவர் பிச்சைக்கனி. அதைத் தூக்கிவிட்டுக் கரண்ட் மோட்டார் போடலாமா என்று முதலாளியம்மா பிஜி யோசித்தாள். போட்டால் பிச்சைக்கனிக்கு வேலையும் போகும், கம்பெனி கொடுத்த அறையும் போகும். மகள் கலைச்செல்விக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இருபதே நாளில்.

"பட்டனை அமுக்கினா ஓடும். எண்ணெயும் வேண்டாம், எண்ணெய்க்காரனும் வேண்டாம்" என்றார் மேனேஜர் பஞ்சாபகேசன். கோட்டைக்குள் இருக்கும் தமிழ் அக்கிரகாரத்துக்காரர். நம்ம பாஷைக்காரர் என்று பிச்சைக்கனி நம்பியிருந்தார், பாவம்.

பிச்சைக்கனி விடவில்லை. "பெரிய கல்லு மாட்டுனா மோட்டார் கருகிப் போவும்மா. இது சும்மா நிக்கும், கல்லை எடுத்தா திரும்ப ஓடும். சீல் தேஞ்சுதான் எண்ணெய் ஒழுகுது. ஒருதரம் பிரிச்சு மாட்டுனா பத்து வருஷம் தாங்கும்."

பிஜி தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு பஞ்சாபகேசனைப் பார்த்து, "எங்கில் நாளெ தன்னெ பிரிச்சு விட்டேக்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

பிச்சைக்கனிக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கே வந்து மூன்று வருஷமாகியும் மலையாளம் அவருக்கு அரைகுறை. ஆனால் 'நாளெ' தெரியாதா, 'பிரிச்சு' தெரியாதா? தான் சொன்னதை அம்மா ஒப்புக்கொண்டாள்! "நாளைக்கே ஆரம்பிக்கட்டுமா சார்?" என்றார்.

பஞ்சாபகேசன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "பேஷா" என்றார்.

மறுநாள் விடிந்ததுமே எண்ணெய் பம்பைக் கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் டீசலில் கழுவி, குழந்தையைத் துவட்டுவதுபோலத் துடைத்துச் சாக்கில் வரிசையாக வைத்தார். மத்தியானம் சோறு கொண்டுவந்த கலைச்செல்வியிடம் முதலாளியம்மா சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார். பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

அவள் முகம் செத்துப்போனது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை.

"அப்பா, இங்க பிரிச்சு விடுததுன்னா வேலைய விட்டு அனுப்புதது. மெஷினைச் சொல்லல. ஒங்களச் சொல்லிருக்காவ."

எண்ணெய்க் கையோடு ஆபீசுக்கு ஓடி, நிஜமா என்று கேட்டார். பஞ்சாபகேசன் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா. முழுசும் கழட்டினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே தெரிஞ்சுண்டா கை ஓடாதே உனக்கு. வெளியாளைக் கூப்பிட்டா ரெண்டு நாள் இழுத்தடிப்பான்."

பிச்சைக்கனிக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடிக்கவில்லை. மகளின் பரீட்சை நினைவு கையைக் கட்டிப்போட்டது.

"சார், புள்ளைக்குப் பரீட்சை முடியுத வரைக்கும் அந்த ரூம்பு மட்டும்..."

"மொதல்ல மீதியைக் கழட்டு. பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு மனுஷன் திரும்பி வந்தார். கலைச்செல்வி பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். தன் பிழைப்பைத் தன் கையாலேயே கடைசித் திருகுவரை கழற்றினார். நாலு மணிக்குப் பழைய இரும்பு எடுக்கிற லாரி வந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்தே தூக்கி ஏற்றினார்கள்.

ஏற்றி முடிந்ததும் பஞ்சாபகேசன் வெளியே வந்தார். பிச்சைக்கனி கைகட்டி நின்றார்.

"ரூமா? பெட்டி படுக்கையோட எலக்ட்ரீஷியன் வந்தாச்சு. வாசல்ல நிக்கறான், பாரு. சாவியை அவன்கிட்டயே குடுத்துடு."