கள்ளிக்கொப்பலில் விமானம் இறங்கிய வரலாறு

1949ஆம் வருஷம் நாகர பஞ்சமி அன்று காலை பத்து இருபதுக்கு மைசூருக்கு வந்து சேர்ந்த மதராஸ் விமானம், 1960 செப்டம்பர் பதினெட்டாம் தேதி மத்தியானம் தரையில் இறங்கியது. இடைப்பட்ட பதினோரு வருஷமும் அது ஊருக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். முதல் மாதம் ஜனங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள், இரண்டாம் மாதம் கைக்குழந்தைக்குக் காட்டிச் சோறு ஊட்டினார்கள், அதன்பிறகு அக்ரஹாரத்து மாடிகளில் அப்பளம் காயவைக்கும் பெண்கள் மட்டும் நிழல் விழும்போதெல்லாம் திட்டினார்கள். கடிகாரம் இல்லாதவர்கள் அதை வைத்தே பால் காய்ச்சினார்கள். பெட்ரோல் எப்படித் தீராமல் இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தீரவில்லை, அவ்வளவுதான். அது எப்படி இறங்காமல் போயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

நஞ்சன்கூடு சாலையில் ஆறு மைல் போனால் கள்ளிக்கொப்பல். மகாராஜா காலத்தில் அங்கே ஒரு விமானத் திடல் போட்டிருந்தார்கள். திடல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். புல் செதுக்கிய ஒரு நீளமான தரை, இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கற்கள், கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை, நாலு சிவப்பு மணல் வாளி, ஒரு மணி, ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் இரண்டு பிரம்பு நாற்காலி, பிரயாணிகள் பதிவேடு, ஆட்களையும் பெட்டிகளையும் நிறுக்க ஒரு தராசு மேடை. அந்தக் காலத்து விமானத்தில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் மூட்டை மாதிரி நிறுத்துப் பவுண்டுக் கணக்கில் எழுதுவார்கள். ரேடியோ கிடையாது. ஆகாயத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் தரையில் அடையாளம் விரிக்க வேண்டும். எந்த அடையாளத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. அதில் மொத்தம் பதினாலு அடையாளங்கள் இருந்தன.

இவை எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் தேவநேசன். முப்பத்திரண்டு வயது, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, ஞாயிறு தவறாமல் கோவில், ஒருநாளும் தாமதமாக மணி அடித்தவர் இல்லை. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்கிற மனிதர், எழுதிக் கொடுக்காததைச் செத்தாலும் செய்யாத மனிதர். அவருக்கு அந்த வருஷம் ஜனவரியில் ஹில்டா என்ற நர்ஸோடு கல்யாணம் நடந்தது. இருபத்திரண்டு நாள்தான் சேர்ந்து இருந்தார்கள். பிரசவப் பயிற்சிக்கு மதராஸில் இடம் கிடைத்து ஹில்டா ரயிலேறிப் போனாள். பயிற்சி முடிந்ததும், தன் புருஷன் மணியடிக்கும் திடலில் தானும் ஒருமுறை இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, சம்பளத்தைச் சேர்த்து விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாள். ரயிலில் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் வருவதற்கு மூன்று நாள் முன்பு ஓடுதளத்தின் நட்டநடுவில் ஒரு புற்று கிளம்பியது. ராத்திரி இல்லை, காலையில் இடுப்பு உயரம் இருந்தது. நாகர பஞ்சமி நெருங்கும் நேரத்தில் புற்றை எவன் இடிப்பான்? ஊர்க்காரர்கள் மஞ்சள் குங்குமம் வைத்து, பஞ்சமியன்று பால் ஊற்றிவிட்டு நாங்களே வேறிடம் போகச் சொல்லி வேண்டிக்கொள்கிறோம் என்றார்கள். பஞ்சமிக்கு முந்தின நாள் விமான இலாகா சர்க்கிள் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணராஜ் சோதனைக்கு வந்தார். புற்றைப் பார்த்தார், தானும் ஒரு கும்பிடு போட்டார், பிறகு சிவப்புத் துணியில் மஞ்சள் பெருக்கல் குறி போட்ட அடையாளத்தை விரிக்கச் சொன்னார். இங்கே இறங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். 'எனது எழுத்து மூலமான உத்தரவு இன்றி அகற்றலாகாது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் பெண்கள் புற்றைச் சுற்றி நின்று பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது விமானம் தலைக்கு மேலே வந்தது, பெருக்கல் குறியைப் பார்த்தது, சுற்ற ஆரம்பித்தது. திரும்பிப் பெங்களூருக்குப் போயிருக்கலாமே என்றால், விமானியின் காகிதத்தில் கள்ளிக்கொப்பல் என்று எழுதியிருந்தது. அவரும் நம்ம தேவநேசன் ஜாதிதான், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஏழு பிரயாணிகள்.

ஒரே வாரத்தில் மழை பெய்து புற்று கரைந்துபோனது. சுவடுகூட இல்லை. தேவநேசன் கிருஷ்ணராஜுக்குத் தந்தி அடித்தார். பதில் வருவதற்குள் கிருஷ்ணராஜுக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்து வந்தவர் பொறுப்பேற்பதற்குள் ராஜ்ஜியத்து இலாகாக்கள் எல்லாம் யூனியனோடு சேர்ந்து, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் என்ற பதவியே இல்லாமல் போனது. தேவநேசன் மேலிடத்துக்கு எழுதினார். பழைய சர்க்கார் போட்ட உத்தரவைப் புதிய சர்க்கார் எப்படி ரத்து செய்யும், நாங்கள் போடாததை நாங்கள் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. இவர் மறுபடி எழுதினார். அதே பதில், வேறு எண். இப்படி நூற்று நாற்பத்துமூன்று கடிதம். இதில் வயிறெரிய வைக்கிற விஷயம் என்னவென்றால், கேட்டது வராத அதே மேலிடத்திலிருந்து கேட்காத உத்தரவு ஒன்று தவறாமல் வந்தது: திடல்களில் தற்போது காட்டப்பட்டிருக்கும் தரை அடையாளங்கள் அனைத்தையும் செங்கல் பாவி நிரந்தரமாக்கி, வருஷம் ஒருமுறை வர்ணம் பூச வேண்டும். கூடவே லாரியில் ஒரு டின் சிவப்பு, ஒரு டின் மஞ்சள். தேவநேசன் பத்தடிக்குப் பத்தடி செங்கல் பாவினார். வருஷா வருஷம் ஆகஸ்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தன் பெண்டாட்டியை இறங்காதே என்று சொல்லும் குறிக்கு, ஓரம் பிசகாமல் பெயின்ட் அடித்தார்.

ஹில்டா மேலேயிருந்து கடிதம் போட்டாள். பேண்டேஜ் துணியில் சுருட்டி, கனத்துக்கு மருந்துப் புட்டியின் மூடியைக் கட்டி எறிவாள். பாதி கரும்புக் காட்டில் விழும், சிலதை மாடு தின்றுவிடும், கிடைத்ததை யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். கூட வந்த காப்பித் தோட்டக்காரர் மனைவிக்கு விமானத்திலேயே பிரசவம் பார்த்ததையும், ஆண் குழந்தை ஏழு பவுண்டு இருந்ததையும் ஒன்றில் எழுதியிருந்தாள். இன்னொன்றில், ஜன்னல் பக்கம் வெயில் பட்டுப் பட்டு ஒரு கன்னம் மட்டும் கறுத்துவிட்டது, நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள் என்று இருந்தது. பதில் சொல்ல தேவநேசனுக்கு அந்தச் சின்னப் புத்தகம்தான். காற்று எந்தப் பக்கம் என்று சொல்லலாம், வலது பக்கம் திரும்பு என்று சொல்லலாம். சௌக்கியமா என்று கேட்க அதில் அடையாளம் கிடையாது. வெள்ளைக் கல்லை அடுக்கி நாலு எழுத்து எழுதக்கூடாதா மனுஷா என்று நாங்களே கேட்டோம். விதியில் இல்லாத குறியைத் தரையில் காட்டுவது குற்றம் என்று பக்க எண்ணோடு சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

திடலில் புல் செதுக்க மாரக்காள் என்று ஒருத்தி இருந்தாள். ஹனூர்ப் பக்கத்துக்காரி, தமிழ்தான் பேசுவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள். முதல் வருஷமே அவள் சொல்லிவிட்டாள்.

“ஏனுங் சாமி, இந்தக் கெரகத்துக்கு எதுக்குங் கடுதாசி? நாலு கை சாணியக் கரைச்சு மேல ஊத்துனா முடிஞ்சு போச்சு. அம்மா எறங்கி வந்துருவாங்கல்லொ.”

“சும்னே இரு மாரக்கா. கவர்மெண்ட் அடையாளம் அது. அழிச்சா கேஸாயிடும்.”

“கேஸானா என்னைய உள்ள தள்ளட்டுமுங். நான் அழிக்கறனுங்.”

“ஆர்டர் இல்லாம யாரும் அழிக்கக் கூடாது. மேலருந்து வரணும்.”

மாரக்காள் ஆகாயத்தைப் பார்த்தாள். “மேலருந்துதானுங் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க” என்று சொல்லிவிட்டுப் புல் செதுக்கப் போய்விட்டாள். அதன்பிறகு பத்து வருஷம் இருவரும் புல்லைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

1960இல் லாரி வரவில்லை. பெயின்ட் ஒதுக்கீட்டில் சிக்கனமாம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் மழையில் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமானது, மஞ்சள் உரிந்து உரிந்து ஓடியது. குறி மங்க மங்க விமானம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. செப்டம்பர் முதல் வாரம் புளியமர உயரத்துக்கு வந்துவிட்டது. சக்கரத்தில் கூடு கட்டியிருந்த குருவிகள் தெரிந்தன. ஜன்னலில் ஹில்டாவின் முகம் தெரிந்தது, கறுத்த கன்னமும் தெரிந்தது. கோவிலில் அவளுக்காக விசேஷ ஜெபம் நடந்தது, கள்ளிக்கொப்பலில் பொங்கல் வைத்தார்கள். இன்னும் ஒரு நல்ல மழை போதும் என்றார்கள். பதினாலாம் தேதி புதன்கிழமை தேவநேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்ரஹாரத்துக்குப் போனார். கடையில் கைக்காசு போட்டு ஒரு டின் சிவப்பும் ஒரு டின் மஞ்சளும் வாங்கினார். கேரியரில் கட்டிக்கொண்டு வந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, அடித்தார். வருஷம் ஒருமுறை பூச வேண்டும் என்றுதான் உத்தரவு, யார் பெயின்ட் வாங்க வேண்டும் என்று அதில் இல்லையாம். அட பாவி மனுஷா! மஞ்சள் காய்வதற்கு முன்பே விமானம் விர்ரென்று மேலே போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் முதல் ஊரில் அவரோடு யாரும் பேசவில்லை. அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவநேசன் கோவிலுக்குப் போயிருந்தபோது மாரக்காள் நாலு கூடைச் சாணியோடு வந்தாள். வெயில் நன்றாக அடித்தது. செங்கல் பாவிய சமதளம், வறட்டி காயவைக்க அதைவிட நல்ல இடம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஐந்து விரல் பதிய, இடைவெளி விடாமல் தட்டிக்கொண்டே வந்தாள். மத்தியானம் தேவநேசன் திரும்பியபோது சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, இருநூற்றுச் சொச்சம் வறட்டிதான் இருந்தது. அவர் வாரியலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏன்ரீ இது! அழிக்கக் கூடாதுன்னு சொன்னேனில்ல?”

“அழிக்கிலீங் சாமி. வறட்டி காயப் போட்டிருக்கறேன். அடியில உங்க பெயின்ட் அப்படியே கெடக்குது. வறட்டி காயப் போடக் கூடாதுன்னு உங்க பொஸ்தகத்துல இருந்தாக் காட்டுங்க, எடுத்துப் போடறேன்.”

தேவநேசன் கொட்டகைக்குள் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை. ஆடு மாடு மேய்க்கக் கூடாது என்று இருந்தது, துணி உலர்த்தக் கூடாது என்றுகூட இருந்தது. வறட்டி இல்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே விமானம் இறங்கிவிட்டது. மணி அடிக்கவில்லை, அவர் உத்தியோகத்தில் அந்த ஒருமுறைதான் மணி தவறியது.

ஏழு பேர் ஏறிய விமானத்திலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். காப்பித் தோட்டக்காரர் மகனுக்குப் பத்து வயது, பிறந்ததிலிருந்து தரையை மிதிக்காதவன். தரை ஆடாததால் தடுமாறி விழுந்தான், மாரக்காள்தான் தூக்கி நிறுத்தினாள். ஹில்டா கடைசியாக வந்தாள். தேவநேசன் அவளைப் பார்த்தார். கை பழக்கத்தில் தராசு மேடையைக் காட்டியது. அவள் ஏறி நின்றாள். தொண்ணூற்றாறு பவுண்டு. அவர் எழுதிக்கொண்டார்.

“வருசா வருசம் லாரி வந்து டின் இறக்கும். பாவம், இவர் என்ன செய்வார், ஆர்டர்னு மேலருந்து நெனச்சிப்பேன்” என்றாள் ஹில்டா. “இந்த வருசம் லாரி வரல. புதன்கிழமை நீங்க சைக்கிள்ல வந்தீங்க. பார்த்தேன்.”

“ஆர்டர் இருந்துச்சு ஹில்டா” என்றார் தேவநேசன்.

அவள் தலையாட்டினாள். பிறகு அவர், ஏறாத பையனை இறங்கியவர் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது ஹில்டா ஜட்காவில் ஏறிப் போய்விட்டிருந்தாள். மடியில் அவள் பெட்டி இருந்தது, அதன்மேல் கடையில் வாங்கிய டின்களில் மிச்சமிருந்த பெயின்ட் இருந்தது. மாரக்காளிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

ஆஸ்பத்திரியில் அவளைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், நர்ஸுகள் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு கொடுத்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் தேவநேசன் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, மல்லிகை வாங்கிக்கொண்டு, சைக்கிளில் வந்தார். வாசல் கதவில் ஒரு பலகை தொங்கியது. சிவப்புப் பலகை, மஞ்சள் பெருக்கல் குறி, ஓரம் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அவரால் காலை ஊன்ற முடியவில்லை. குவார்ட்டர்ஸைச் சுற்றி ஒரு சுற்று வந்தார், மறுபடி பலகையைப் பார்த்தார், மறுபடி சுற்றினார். அன்றிலிருந்து இறங்கவே இல்லை. டயர் தேயவில்லை, மல்லிகை வாடவில்லை. தெருக்காரர்கள் போகிற போக்கில் அவர் கையில் இட்லிப் பொட்டலம் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். திடலுக்கு வேறு ஆள் வந்தார். விமானம் எதுவும் வரவில்லை.

மூன்றாம் வருஷம் மாரக்காளுக்கே மனசு கேட்கவில்லை. ஒரு கூடைச் சாணியோடு வந்து, “ஏனுங் அம்மிணி, அந்தப் பலகை மேல நாலு வறட்டி தட்டிப் போடட்டுங்களா?” என்று கேட்டாள்.

ஹில்டா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சைக்கிள் அந்தப் பக்கமாகப் போயிற்று. இன்னும் அவளுடைய ஒரு கன்னம் கறுப்பாகத்தான் இருந்தது.

“வேண்டாம் மாரக்கா. மேலருந்து ஆர்டர் வரட்டும்” என்றாள்.

அந்தத் தெருவில் கடிகாரம் இல்லாதவர்கள் இப்போது அவரை வைத்துத்தான் பால் காய்ச்சுகிறார்கள். ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம்.