மலையேற ஒன்பது பேர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் தட்சிணாமூர்த்திக்குச் சொந்தமான கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். ஏரிக்கரையில் தினமும் நடக்கிறவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து, மே மாதம் உத்தரகாண்டில் ஆறு நாள் கூடாரம் போட்டு மலையேறுவது என்று முடிவு செய்திருந்தார்கள். யோசனை தட்சிணாமூர்த்தியுடையது. ஆட்களைச் சேர்த்ததும் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய அப்பா நெல் விதைத்த நிலமெல்லாம் இப்போது கடைகளாகவும் மனைகளாகவும் நிற்கின்றன. அவர் கூப்பிட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் மறுப்பதில்லை.

வழிகாட்டியாக வந்திருந்தவள் துர்கா. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். வடக்கே மலையேற்றப் பயிற்சி முடித்து, ஏழு வருடமாகக் குழுக்களை அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மா அங்காளம்மா அதே கட்டடத்தின் வாசலில்தான் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்கிறாள். அது அறையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

துர்கா வரைபடத்தை மேசைமேல் விரித்தாள்.

"மூணாவது கேம்ப்ல ஒரு நாள் தங்குறோம். அன்னிக்கு மேல ஏற மாட்டோம்."

"அது இன்னாத்துக்கு?" என்றார் தட்சிணாமூர்த்தி. "படுத்துகினு கெடக்கறதுக்கா அம்மாந்தூரம் போறோம்?"

"பதினோராயிரம் அடி சார். உடம்பு அந்தக் காத்துக்குப் பழகணும். பழகாம ஏறினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்."

"தண்ணியப் பத்தி நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். கடல்காரப் பொண்ணாச்சே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கணக்கு டீச்சர் மாளவிகா மட்டும் சிரிக்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துர்கா குரலை மாற்றாமல் மற்றதையும் சொன்னாள். எல்லோரும் டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் நடந்து காட்ட வேண்டும். தவறினால் பட்டியலில் பெயர் இருக்காது.

"யார் பட்டியல்? நான் போட்ட பட்டியல்மா அது" என்றார் அவர்.

"மலையில அது என் பட்டியல் சார்."

அதன் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எதைச் சொல்வதானாலும் பக்கத்தில் இருந்த, ஒன்பது பேரில் ஒருவனான ஜெபகுமாரிடம் சொன்னார். "அந்தப் பொண்ணாண்ட கேளு, டென்ட்ல பாட்டு போடலாமா, அதுக்கும் டாக்டர் எழுதித் தரணுமான்னு."

புதன்கிழமை காலை ஏரிக்கரையில் நடை. தட்சிணாமூர்த்தி புது ஷூ போட்டு முதல் ஆளாக வந்து நின்றார். முதல் சுற்றில் எல்லோரையும் முந்தினார். இரண்டாம் சுற்றில் ஷூ லேஸ் கட்டுவதற்காக நான்கு முறை குனிந்தார். அந்த லேஸ் அவிழவே இல்லை என்பதை துர்கா பார்த்தாள். அவர் முடித்தபோது ஐம்பத்திரண்டு நிமிடம். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. அவள் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டப் போனாள். அவர் கையை உதறினார்.

"தொடாத. மீன் அறுத்த கையா? கழுவினியா?"

அங்கே நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. ஜெபகுமார் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். துர்காவுக்குக் காது சுட்டது. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு நோட்டில் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். அவர் கொடுத்த சான்றிதழில் எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை அவள் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு உதவியாக அவள் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது தட்சிணாமூர்த்தியின் மனைவி தாயாரம்மாள் வந்தாள். வாரம் தவறாமல் அங்கேதான் வாங்குகிறவள்.

"சங்கரா ஒரு கிலோ போடு அங்காளம்மா. செதில நல்லா எடு."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து துர்காவிடம் நீட்டினாள். "இங்கயே படிச்சிட்டுக் குடு. போட்டோ எடுக்காத."

ஆஸ்பத்திரிக் காகிதங்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். போன மாதம் கூடுவாஞ்சேரி மனைப்பிரிவில் மயங்கி விழுந்து மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள். மலையேற்றம் கூடாது, உயரமான இடங்களுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்.

"காசிக்குப் போனாருன்னு ஊருக்கெல்லாம் கயிறு குடுத்தோமே, அப்ப ஆஸ்பத்திரிலதான் இருந்தாரு" என்றாள் தாயாரம்மாள். "தம்பிங்களோட சொத்துப் பாகக் கேஸ் நடந்துகினு கீது. ஒடம்பு முடியலன்னு தெரிஞ்சா அவனுங்க சும்மா வுடுவானுங்களா? அதான் மூடி வெச்சிகினு கீறோம்."

"அப்புறம் ஏன் மலைக்குக் கெளம்புறாரு?"

"நான் சொன்னா கேக்கற ஆளா? நீ அவர் பேர எடுத்துடு. காரணம் உன்னோடதா இருக்கட்டும். இது நான் குடுத்ததுன்னு எங்கியும் வரக்கூடாது. உங்கம்மா மேல ஆணையா சொல்லு."

"என் மேல எதுக்கு ஆணை?" என்றாள் அங்காளம்மா, கத்தியை நிறுத்திவிட்டு. ஆனாலும் துர்கா தலையாட்டினாள். தாயாரம்மாள் காகிதங்களை வாங்கி, மீனுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் துர்கா தட்சிணாமூர்த்தியை அவருடைய அலுவலகத்தில் தனியாகப் பார்த்தாள். நேரம் தாண்டிவிட்டது, அதனால் அழைத்துப் போக முடியாது என்றாள்.

"ரெண்டு நிமிஷத்துக்கா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார். "எட்டு மாசமா வூட்ல என்ன முட்டைய வெச்சிகினு இருக்கறாமாரி வெச்சிகினு கீறாங்க. மாடி ஏறாத, பைய தூக்காதன்னு. நான் இந்த மலைய ஏறித்தான் தீருவேன். நீ யாரு என்ன நிறுத்தறதுக்கு? உங்கம்மா பொட்டி வெச்சிகினு கீறது யார் வாசல்ல தெரியுமா?"

எட்டு மாதம் என்று அவராகவே சொன்னது அவருக்குத் தெரியவில்லை. துர்கா கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினாள்.

அடுத்த நாள் காலை வாட்ச்மேன் வந்து ஐஸ் பெட்டியை நகர்த்தச் சொன்னார். அங்காளம்மா சாக்கடை ஓரத்துக்குப் போனாள். பதினாறு வருட வாடிக்கை அந்த வாசலோடு இருந்தது. "மலைக்குப் போறவனுக்கு மலை காட்டறத வுட்டுட்டு ஏன்டி வம்பு வளக்கற?" என்று மகளைத் திட்டினாள். "அவன் செத்தா உனக்கு இன்னா?"

இரண்டாம் கூட்டத்துக்கு துர்கா போனபோது அவளுக்கென்று நாற்காலி போடவில்லை. தட்சிணாமூர்த்தி வேறொரு ஆளைப் பிடித்திருந்தார். சான்றிதழ் வேண்டாம், ஓய்வு நாளும் கிடையாது, நான்கு நாளில் முடித்துக் கொடுக்கிறேன் என்று அந்த ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததை அச்செடுத்த தாள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ரெண்டு நாள் லீவ் மிச்சமாகும்ங்க" என்றான் ஜெபகுமார்.

"இவளாண்ட போனா திரும்பி வரமாட்டீங்க" என்றார் தட்சிணாமூர்த்தி. "போன வருஷம் ஒரு பொம்பளைய பனியில வுட்டுட்டு வந்தவ இவ. விசாரிச்சிட்டேன்."

அது பொய். அந்தப் பெண்ணோடு இரண்டு நாள் கூடாரத்தில் உட்கார்ந்திருந்து, ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழே இறக்கியவள் துர்கா. அதைச் சொன்னாலும் அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. தன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள். மாடிப்படிவரை போனாள். கைக்குக் கை மாறித் தன்னிடம் வந்திருந்த அந்தத் தாளை அப்போதுதான் பார்த்தாள். இரண்டாம் நாள் எட்டாயிரத்து ஐந்நூறு அடி. மூன்றாம் நாள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. பக்கத்தில் ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தட்சிணாமூர்த்தி எந்த இடத்தில் மூச்சு முட்டி உட்காருவார் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து கதவோரம் நின்றாள்.

"அவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு. எட்டு மாசம்தான் ஆவுது. போன மாசம் கூடுவாஞ்சேரியில மயங்கி வுழுந்தாரு. மலை ஏறக்கூடாதுன்னு டாக்டரே எழுதியிருக்காரு. உங்க புது கைடுகிட்ட இத சொல்லிட்டு, அவரக் கூட்டிகினு போங்க பாக்கலாம்."

தட்சிணாமூர்த்தி அவளைத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. கண்ணைச் சுருக்கி எதையோ யோசித்தார். அந்தக் காகிதங்கள் இருந்தது பீரோவில். சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு.

"தாயாரு" என்றார் மெதுவாக. பிறகு எதிரே இருந்த நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியே போனார்.

அந்தப் பயணம் அன்றோடு கலைந்தது. ஜெபகுமாரும் இன்னும் ஐந்து பேரும் குழுவிலிருந்து விலகினார்கள். தட்சிணாமூர்த்தி இல்லாமல் அவர்கள் எங்கேயும் போகிறவர்கள் இல்லை.

பதினோரு நாள் கழித்து தாயாரம்மாள் சாக்கடை ஓரத்துக் கடைக்கு வந்தாள். கையில் பை இல்லை.

"போவல. வூட்லதான் கீறாரு" என்றாள் துர்காவிடம். "எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாப்பாட்ட ரூம் வாசல்ல வெச்சிட்டு வரேன், நாய்க்கு வெக்கறாமாரி. தம்பிங்க ரெண்டு பேரும் பழத்தட்டோட பாக்க வந்துட்டானுங்க. பின்னாடியே வக்கீலும் வந்தாரு."

"உயிரோட கீறாரு இல்லம்மா?"

"உனக்கு அது போதும். நான் அந்த வூட்டுக்குள்ள குந்திகினு கீறணும்."

"நான் வேற இன்னா பண்ணியிருக்கணும்னு சொல்லுங்க."

"எங்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். நான் வந்து நானே சொல்லியிருப்பேன்" என்றாள் தாயாரம்மாள். "என் புருஷன், என் வாயி."

மாடிப்படியில் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் போன் துர்காவின் பையிலேதான் இருந்தது. தாயாரம்மாள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்துக் கடையில் மீன் வாங்கிக்கொண்டு போனாள். அங்காளம்மா அதைப் பார்த்துவிட்டு ஐஸ் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

மே மாதம் இரண்டாம் வாரம் மூன்று பேர் கிளம்பினார்கள். ஒன்பது பேரில் மிஞ்சிய மாளவிகா, ரிட்டையரான நர்ஸ் மெட்டில்டா, அவர்களோடு வழிகாட்டி துர்கா. தாம்பரம் பிளாட்பாரத்தில் மூட்டைகளோடு ரயிலுக்குக் காத்திருந்தபோது துர்காவின் போன் அடித்தது. தட்சிணாமூர்த்தி.

எடுத்ததும் திட்ட ஆரம்பித்தார். அவளை, அவள் அம்மாவை, அவள் பிறந்த குப்பத்தை. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வார்த்தைகளை விட்டுவிட்டு மூச்சைக் கேட்டாள். நீள நீளமாகத் திட்டினார். நடுவே இளைப்பு இல்லை, இருமல் இல்லை. குரல் ஓரிடத்திலும் உடையவில்லை.

"இன்னாடி சத்தத்தையே காணோம்?"

"கேட்டுகினுதான் கீறேன் சார். காலையில மாத்திரை போட்டீங்களா?"

எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார்.

"யாரு?" என்று கேட்டாள் மாளவிகா.

"வீட்ல இருக்கறவரு" என்றாள் துர்கா. ரயில் வந்து நின்றது. மெட்டில்டாவின் கனமான பையைத் தூக்கி முதலில் உள்ளே வைத்தாள்.