சட்டைக் கையைத் தடவினார்

நிஷிவாகி ஒரு மீன் கம்பெனியின் பேஸ்பால் அணிக்குக் காலமெல்லாம் மேனேஜராக இருந்தவர். மைதானத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாம் கைச்சாடைதான். வீட்டில் அந்தச் சாடைகூடக் கிடையாது. கற்றுக்கொடுங்கள் என்று மனைவி யசுயே ஒருமுறை கேட்டதற்கு, "உன் தம்பி எதிர் டீம்ல ஆடுறான். உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி" என்று எழுந்து போய்விட்டார். அப்படி ஒரு மனுஷன்.

அவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து, பழைய ஆட்டக்காரர்கள் கோயில் கூடத்தில் பீரும் சுஷியுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தலையும் வழுக்கை. யசுயே நேராக சுகேதாவிடம் போனாள். ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் மூன்றாவது பேஸ் பக்கத்தில் நின்று, மேனேஜரின் சாடையை ஆட்டக்காரர்களுக்குக் கடத்தியவர் அவர்தான்.

"சுகேதா, பேச்சு நின்னுபோன பிறகு, கடைசி சாயங்காலம் ஆஸ்பத்திரியில கையால என்னமோ காட்டினாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்ல."

காதைத் தொட்டாள். நெஞ்சைத் தொட்டாள். முழங்காலைத் தட்டினாள்.

"அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம்!" என்றான் ஒருவன்.

"உனக்கு என்னிக்குடா சாடை புரிஞ்சிது? ஓடுன்னா நிப்ப, நில்லுன்னா ஓடுவ!" என்றான் இன்னொருவன்.

கூடமே சிரித்தது. சுகேதா மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்மா, விட்டுடுங்க."

"என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்ல, சொல்லு."

"மூணாவது பேஸ்ல நிக்கிறவனுக்குக் குடுக்கிறது. வீட்டுக்கு வந்துடுன்னு அர்த்தம்."

ஆட்டக்காரன் புறப்பட்டு, மூன்று பேஸையும் சுற்றி ஓடி, மறுபடி வந்து சேர வேண்டிய இடம்தான் அந்த விளையாட்டில் வீடு. ஆனால் யசுயேவுக்குத் தன் வீடுதான் கண்முன் வந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டிருக்காரு. நான் குளிருதாக்கும்னு போர்வையை இழுத்து விட்டேனே!"

அவள் அழுதாள். சுகேதா அருகே நகர்ந்து வந்தார்.

"அம்மா, அப்புறம் கை எங்க போச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ன வேணும் உங்களுக்கு, புரியலையேன்னு நான் அழுதுட்டேன். என்னையே பார்த்தாரு. அப்புறம் சட்டைக் கையை இப்படித் தடவினாரு. தூசின்னு நெனைச்சு நானும் தட்டி விட்டேன்."

அந்தத் தடவல் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"முன்னாடி காட்டினது ரத்துன்னு அர்த்தம்மா. நீங்க அழுததைப் பார்த்து வேண்டாம்னுட்டாரு. எங்க ஆட்டத்துல, ஒரு தடவை குடுத்த சாடையை அவரு மாத்தினதே இல்ல. தோத்தாலும் மாத்த மாட்டாரு."

வீடு திரும்பியதும் யசுயே அவர் படத்துக்கு முன்னால் சோறு வைத்தாள். அவளுக்குப் பசியில்லை. அந்த மனுஷன் மேல் ஏக்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. ஒரே ஒருமுறை, வாய் வேண்டாம், அந்தக் கை அசைந்தால் போதும் என்றிருந்தது.

காதைத் தொட்டாள். நெஞ்சைத் தொட்டாள். முழங்காலைத் தட்டினாள்.

பிறகு இரண்டு கைகளையும் மடியில் இறுகப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், தவறிக்கூடச் சட்டைக் கையில் பட்டுவிடாமல்.