பதினொரு கோட்டை, மூன்று பேர்

1

"செத்துப்போன வெளாட்டுக்கு எதுக்குண்ணே இன்னும் மெசினப் போட்டு வச்சிருக்கீங்க? ஊரே விட்டுட்டுப் போயிருச்சு."

"ஆர் விட்டிட்டுப் போனது? இஞ்ச பார், எங்கட கூட்டத்தில பதினொரு கோட்டையிலயும் விளக்கெரியுது. கண் தெரியேல்லையோ?"

"வெளக்கு பதினொண்ணு. ஆளு எத்தன? நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு, அந்தா செசிலியா ஒண்ணு. மிச்ச எட்டையும் ஏத்துறது யாருன்னு சொல்லட்டுமா?"

"வாயை மூடு ராஜலிங்கம்."

"ஏன் மூடணும்? தெனம் ஒங்க கையாலதானே—"

மூலைக் கதிரையில் இருந்த செசிலியா எழுந்து நின்றாள்.

"விவேகண்ணை, அப்ப கணபதியின்ர கோட்டைக்கும் நீங்கள்தானோ?"

கடைக்காரர் விவேகானந்தன் மவுஸை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

2

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான். 2008 ஆகஸ்டில் ஒரு பின்னேரம், கண்டி மஹய்யாவவில் எங்கள் சந்திலுள்ள நெட் கடையில் இந்தச் சண்டை நடந்தது. நான் எதிர்வீடு. ஒட்டுக்கேட்டேன் என்று ஒருவரும் சொல்லமுடியாது. அவர்கள் சத்தம் போட்டார்கள், நான் ஜன்னலைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'ஹந்தானை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு' [விட்டேன். பனியைத் தொட்டால் கதை சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும்.]

'உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் விளையாடிய இணைய விளையாட்டொன்று மெல்ல ஆள் இழந்துகொண்டிருந்தது' [இது உண்மைதான். ஆனால் இலட்சம் பேருக்காக எங்கள் சந்தில் ஒருவர் கண்ணிலும் தண்ணீர் வராது. ஒருவன் என்றால் வரும்.]

ஆகவே சண்டையிலேயே தொடங்கிவிட்டேன். சண்டை எனக்குப் பழகிய இடம்.

3

அந்த விளையாட்டுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. சந்தில் எல்லாரும் 'கோட்டை' என்றார்கள். ஆளுக்கொரு கோட்டை; பதினொரு கோட்டை சேர்ந்தால் ஒரு கூட்டம். உரியவர் ஒரு தடவை உள்ளே வந்துபோனால் அன்றைக்கு வாசலில் விளக்கு எரியும். பத்து நாள் வராவிட்டால் கோட்டை இடிந்து கல்மேடாகும்.

அப்போது உலகம் பூராவும் விளையாடுகிறவர்களிடையே பெரிய வாக்குவாதம்: கோட்டை ஆள் இழக்கிறதா, இல்லையா? நடத்திய கம்பனி, தினமும் இத்தனை இலட்சம் விளக்கு எரிகிறதே என்று கணக்குக் காட்டியது. அந்த இலட்சங்களில் எட்டு எங்கள் விவேகானந்தனுடைய கைங்கரியம் என்பது கம்பனிக்குத் தெரியாது. இன்னும் எத்தனை ஊரில் எத்தனை விவேகானந்தன்களோ.*

* அந்த வருடம் வானொலியின் யுத்தச் செய்தியிலும் தினமும் எண்ணிக்கைதான். அங்கே இத்தனை பேர், இங்கே இத்தனை பேர். அதையும் யாரும் போய் எண்ணிப் பார்க்கவில்லை.

எட்டுப் பேர் எங்கே போனார்கள் என்று தெரியவேண்டுமென்றால், என்னிடம் கேட்கவேண்டும். ஒருவன் டோஹா. இருவர் டொரொண்டோ. ஒருத்தி மாத்தளையில் வாழ்க்கைப்பட்டாள். மாமியார் வீட்டில் டெலிபோன் லைனே கிடையாது. மூவர், இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பயந்து பொழுது சாயுமுன்னே வீட்டுக்குள் அடங்கியவர்கள். எட்டாவது ஆள் கணபதி.

4

இந்த விவேகானந்தனை என்ன செய்வதென்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது தாண்டியும் தனிக்கட்டை, சந்தில் என்னிடம் கதை கேட்காத ஒரே ஆள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போவதுபோல, போனவர்கள் எல்லாரும் தங்கள் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்துப் போனார்கள். அவர் அவற்றை ஒரு கொப்பியில் எழுதி மேசைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

முதல் பிரதியில் அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கினேன். பொருந்தவில்லை. கண்டி பஸ் நிலையத்தில் பஸ் வந்து நிற்குமுன்பே ஜன்னலால் கைக்குட்டையோ குடையோ போட்டு சீட் பிடிப்போமே, அதுதான் அவர் செய்தது. குடை கிடக்கிற சீட்டில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். ஆள் பின்னால் வருகிறார் என்று அர்த்தம். சண்டைக்காரர்கள்கூட அந்தச் சட்டத்தை மீறுவதில்லை.

பிழை எங்கே நடந்ததென்றால், குடையைப் பார்த்த ஒருத்தி ஆளே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று நம்பிவிட்டாள்.

5

செசிலியா என் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். ஊர் யாழ்ப்பாணம், வேலை டவுன் மருந்துக்கடையில். கணபதி கலஹாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கராஜில் மெக்கானிக். வேதக்காரப் பெண்ணும் சைவக்காரப் பையனும், யாழ்ப்பாணமும் மலையகமும். இதைவிட நல்ல தீனி எனக்கு எந்தக் கடவுள் தருவார்?

பெப்ரவரியில் கணபதி, இத்தாலிக்கு ஆள் அனுப்புகிற ஒருவரை நம்பிக் கொழும்புக்குப் புறப்பட்டான். படியடியில் நின்று பேசினார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அரை மணித்தியாலமாக அதே துணியை.

"போன்ல பேசுனா கேக்குறவங்க கேப்பாங்க. எங்கயாவது பத்திரமாப் போய்ச் சேந்ததும் மொதல்ல கோட்டையில வெளக்கு ஏத்துறேன். அதுவரைக்கும் ஏத்தமாட்டேன். வெளக்க வச்சுத் தெரிஞ்சுக்க."

"மறந்துபோனீங்கள் எண்டால்?"

"சோத்த மறந்தாலும் அத மறக்கமாட்டேன்."

[முதல் இரண்டும் காதால் கேட்டவை. அப்போது பார்த்து ஒரு பஸ் போனது. மூன்றாவதை நான் எழுதினேன். போனவன் இடத்தில் விளக்கேற்றுகிற வேலை விவேகானந்தனுக்கு மட்டும் சொந்தமில்லை.]

அதன்பிறகு அவன் நம்பர் வேலை செய்யவில்லை. கொழும்பில் தமிழரைப் பிடிக்கிறார்கள் என்று தினமும் ஒரு கதை. ஒன்பதாம் நாள் கணபதியின் கோட்டையில் விளக்கு எரிந்தது. அன்றைக்குச் செசிலியா எனக்கு இனிப்பாக ஒரு டொபி தந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன.

பத்தாம் நாள் இடிந்துவிடுமே என்று விவேகானந்தன்தான் ஏற்றினார், பிறகு தினமும். அவருக்கு அந்தப் படியடி ஒப்பந்தம் தெரியாது. சந்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும். ராஜலிங்கத்துக்கு நானே சொன்னேன். விளையாட்டுச் செத்துவிட்டது, செத்துவிட்டது என்று அவன் ஏன் குதித்தான் என்று இப்போது விளங்கும். கணபதியின் கூட்டாளி அவன். இந்தப் பெண் பொய் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்வதை அவனால் பார்க்கமுடியவில்லை.

6

திரும்பவும் கடைக்குள். ராஜலிங்கம் படியடி ஒப்பந்தத்தைப் போட்டு உடைத்துவிட்டிருந்தான்.

"ஓம் பிள்ளை, நான்தான் போட்டனான்," என்றார் விவேகானந்தன். "எனக்கு உந்தக் கதை ஒண்டும் தெரியாது. கோட்டை இடிஞ்சுபோகுமெண்டு போட்டனான்."

"ஆறு மாசம். ஒவ்வொரு நாளும் வந்து பாத்தனான்."

"பாத்தனீர். உமக்கு விளையாட்டில பெரிய விருப்பமாக்கும் எண்டு நினைச்சன்."

ராஜலிங்கம் தலையில் கைவைத்தான். செசிலியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நில்லும் பிள்ளை. இன்னொண்டும் சொல்லவேணும். மூண்டு கிழமையாக் கணபதியின்ர பாஸ்வேர்ட் வேலை செய்யேல்லை. நான் எழுதினதில பிழையாக்குமெண்டு விட்டிட்டன்."

"அப்ப விளக்கு?"

"அதுதான். எரியுது."

ராஜலிங்கம் தலையிலிருந்து கையை எடுத்துத் திரைக்குக் கிட்டப் போனான். [இந்த இடத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எழுதும்போதல்ல, ஜன்னலில் நின்றபோது.]

7

செசிலியா பையைக் கழற்றாமலே உட்கார்ந்து அந்தக் கோட்டைக்கு ஒரு வரி அனுப்பினாள்: குடை எங்கே போனது?

குடைக்கதை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணபதி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டு, பஸ் ஜன்னலால் அவள் குடையைப் போட்டு சீட் பிடித்தான். பஸ் எடுக்க நேரமிருக்கிறதே என்று இருவரும் பிளேன்டீ குடிக்கப் போனார்கள். பேச்சு நீண்டது. பஸ் போய்விட்டது. குடை மட்டும் ஒரு சீட் முழுவதையும் பிடித்துக்கொண்டு ராணி மாதிரிக் கலஹா போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பதில் வந்தது. ஒரே சொல்: கலஹா.

செசிலியா படியேறி ஓடிவந்தாள். முகம் விளக்கு மாதிரி. பாதிப் படியில் நின்றாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, குடைக்கதை ஆருக்கெல்லாம் தெரியும்?"

எங்கள் சந்தில் அறுபது வீடு. அந்தக் குடையைக் கண்டக்டரிடம் வாங்கி வந்தவள் நான். வருகிற வழியில் அறுபது வீட்டுக்கும் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு சாட்சியை நான் ஒரே நாளில் பொதுச்சொத்து ஆக்கிவிட்டிருந்தேன்.

"கொஞ்சப் பேருக்குத்தான்," என்றேன்.

அவள் மிச்சப் படியையும் ஏறி மேலே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

8

இனி முடிவு. எடுத்துக்கொள்ளுங்கள்.

கணபதி இத்தாலியில் ஏதோ ஒரு ஊரில் இறங்கி, பாஸ்வேர்டை மாற்றி, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அல்லது, ராஜலிங்கம் ஆணியில் தொங்கிய கொப்பியைப் பார்த்து இதையெல்லாம் செய்தான். முருகன்மேல் சத்தியம் பண்ணி இல்லை என்கிறான், ஆனால் அவன் முருகனோடு கொஞ்சம் தாராளம். அல்லது, அழப்போகிற பெண்ணைக் கண்டு பயந்து விவேகானந்தன் அந்த இடத்திலேயே பாஸ்வேர்ட் கதையைக் கட்டினார். கதை கேட்காத மனிதருக்குக் கதை கட்ட வருமா என்பது என் சந்தேகம்.

என்னையும் சந்தேகிக்கிறீர்கள். எனக்கு மெசினைத் திறக்கவே தெரியாது. [அப்போது தெரியாது.]

வேறு கேள்வி ஒன்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாள். அடுத்த நாள் மூலை மெசினில் உட்கார்ந்து, முதுகால் திரையை மறைத்துக்கொண்டு தட்டினாள். என்ன கேட்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பதில் வந்ததா என்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் கடைக்குப் போவதையும் என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். சிரிப்பது மட்டும் இருந்தது. அது எதற்கான சிரிப்பு என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

9

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் விவேகானந்தன் கடையை மூடி யாழ்ப்பாணம் போனார். போகும் நாளன்று காலையிலும் ஏழு விளக்கை ஏற்றிவிட்டே வேனில் ஏறினார். கோட்டையைக் கம்பனி 2011இல் இழுத்து மூடியது. கடைசி அறிக்கையிலும் ஆள் குறையவில்லை என்றே எழுதியிருந்ததாம். ராஜலிங்கம் கலஹாவில் பெண் எடுத்து, பல்லேகலயில் வேலை கிடைத்து அங்கேயே வீடெடுத்துப் போனான். செசிலியா 2012இல் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு இத்தாலி போனாள். போகும்போது குடையை என் வீட்டில் விட்டுப் போனாள். மறந்தா, வேண்டுமென்றா, தெரியாது.

அடுத்த வருடம் அவளிடமிருந்து கல்யாணக் கார்ட் வந்தது. மாப்பிள்ளையின் பெயர் தங்க எழுத்தில். அடியில் பேனையால் ஒரு வரி: 'அக்கா, உங்களுக்கு மட்டும்.'

தபால்காரர் சொல்லிச் சந்து முழுக்க என் வாசலில் வந்து நின்றது. கணபதியா, வேறு ஆளா? நான் கார்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அறுபது வீட்டுக்காரர்களும் எனக்கு ஏதோ சுகமில்லை என்று முடிவுகட்டினார்கள்.

உங்களுக்கும் சொல்லமாட்டேன். அந்த மாப்பிள்ளை சீட்டில் அவளுடைய குடை கிடக்கிறது. நீங்கள் யாரையாவது அதில் உட்கார வைப்பதென்றால், அது உங்கள் பாடு.