ஆழமாய்ப் போன ஊசி

அவள் முடி திருத்தும் நிலையத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் தலையோடுதான் பிழைப்பு. கையைத் தூக்கியபடியே நின்று நின்று வலது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவள் அக்கா. வீட்டில் அப்படிக் கூப்பிட ஆளில்லை. இருந்த ஒரே தம்பியும் வேறு ஊரில்.

அக்குபங்சர் செய்பவரிடம் வாராவாரம் போவாள். தெருவில் அவருக்கு ஊசி டாக்டர் என்று பெயர். வலி குறைந்ததோ இல்லையோ, அவர் தோளை அழுத்தி, "இங்கயா? இன்னும் கொஞ்சம் கீழயா?" என்று கேட்கும்போது அவளுக்குக் கண் சொருகும். அவளை வேறு யாரும் தொடுவதில்லை.

அன்று அவர் அவசரத்தில் இருந்தார். குப்புறப் படுக்கவைத்து முதுகில் மளமளவென்று ஊசிகளைக் குத்தினார். தோளுக்குக் கீழே ஒன்று சுருக்கென்று உள்ளே இறங்கியது.

"டாக்டர், இது ரொம்ப வலிக்குது."

"அசையாம இருங்க, சரியாயிடும்."

திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. நெஞ்சைக் கத்தி கீறியது போலிருந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பக்கத்து அறையில் மின்விசிறி மட்டும் கடகடத்தது. முதுகில் ஊசிகளோடு எழுந்திருக்கவும் பயம். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி கிடந்தாள்.

மெக்கானிக்கிடம் விட்டிருந்த வண்டியை எடுத்துவரப் போயிருந்தாராம். வந்ததும் ஊசிகளை உருவினார்.

"மூச்சு முட்டுது டாக்டர்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "அடைப்பு திறக்கும்போது அப்படித்தான் இருக்கும். வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க."

நம்பினாள். வீட்டு மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். படுத்தால் திணறியது என்பதால் சுவரில் சாய்ந்தே விடியும்வரை இருந்தாள். காலையில் லீவு சொல்ல முதலாளியம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன, படி ஏறிக்கிட்டே பேசறியா?"

"இல்லம்மா... உக்காந்துதான்..."

முதலாளியம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. நேரே வண்டியோடு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. ஊசி துளைத்த இடத்தில் கசிந்த காற்று அதை அமுக்கியிருந்தது. அந்தக் காற்றை வெளியேற்ற விலாவில் குழாய் போட்டார் பெண் மருத்துவர்.

"நீங்க ஒல்லி. அந்த இடத்துல தோலுக்குக் கொஞ்சம் கீழயே நுரையீரல் இருக்கு. ஊசி போடறவருக்கு இது தெரிஞ்சிருக்கணும். கூட யாரு இருக்காங்க?"

"கடையைத் திறக்கப் போயிட்டாங்க," என்றாள்.

மறுநாள் ஊசி டாக்டர் பழத்தோடு வந்தார். கட்டிலருகே நின்று, "வெளிய சொல்லிடாதீங்கம்மா. என் பொழப்பே போயிடும்," என்றார்.

"கை தவறிடுச்சுன்னே வெச்சுக்கறேன். மூச்சு முட்டுதுன்னு சொன்னேனே. ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"அப்ப உங்களுக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கு."

அவர் பழப் பையைக் கட்டிலோரம் வைத்தார். அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் குழாய் வலிக்கும். "பழத்தை எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

தேறியதும் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணையில் அவர் எதையும் மறுக்கவில்லை. ஓராண்டு சிகிச்சை செய்யத் தடை. திரும்பப் பயிற்சி பெற்றுத் தேறினால்தான் அனுமதி. சரியான தீர்ப்பு என்றுதான் அவளுக்குப் பட்டது. ஆனாலும் அலுவலகப் படியிறங்கிப் போன அவருடைய முதுகை, அவர் தெருவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தம்பியை அழைத்தாள்.

"மீட்டிங்ல இருக்கேன்க்கா. அவசரமா?"

"இல்லடா. சும்மாதான்."

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். யாராவது வரக்கூடும் என்று தோன்ற, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இருக்கை காலியாகவே இருக்க, வண்டி கிளம்பியது.