சாக்கடைராணியின் முழங்கால்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். பொம்மைக்கு ஐந்து தடவை பெயின்ட் அடித்தான் என்றும் கேட்டிருக்கிறேன், ஆறு தடவை என்றும் கேட்டிருக்கிறேன். அவன் அக்கா அந்தப் பஞ்சை அவன் மேஜையில் வீசினாளா, வைத்தாளா என்பதும் தெளிவில்லை. அவளைக் கேட்டால் வைத்தேன் என்பாள். அவனைக் கேட்டால் பேச்சை மாற்றுவான். நாட்களில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. மொத்தம் பன்னிரண்டு நாள் இருந்தது. அதில் இரண்டு நாளை அவன் வீணடித்தான்.

கார் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குப் பெயர் பாலிஷ். கதவு, பானெட், கூரை என்று தகரத்துக்குப் பெயின்ட் அடிப்பது அவன் வேலை. அவன் அடித்து முடித்த கதவின் முன்னால் நின்று தலை சீவிக்கொள்ளலாம். ஓய்வு நாட்களில் வீட்டுப் பின்கட்டு அறையில் உட்கார்ந்து, பழைய பொம்மைகளின் கை கால்களைக் கழற்றி மாற்றிப் புதுப் பொம்மை செய்வான். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் தலை, மூன்றாவதின் பூட்ஸ். கை மடங்கும், கால் மடங்கும், இடுப்பு திரும்பும். அதுவரை செய்ததெல்லாம் அலமாரியில் நிற்பதற்காகச் செய்தவை. யாரும் தொடாத பொம்மைக்கு எந்தப் பெயின்ட் அடித்தாலும் நிற்கும். அது அப்போது அவனுக்குத் தெரியாது.

அக்கா மகளுக்கு எட்டு வயது. இரத்தத்தில் வந்த நோய்க்காக அவளை ஐந்து வாரம் தனி அறையில் வைக்கப்போகிறார்கள். அம்மாவே பகலில் ஒரு மணி நேரம்தான், அதுவும் முகத்தை மூடிக்கொண்டுதான் உள்ளே போகலாம். துணிப் பொம்மை கூடாது, புத்தகம் கூடாது. பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு பொருள் கொண்டுவரலாம். தினமும் காலையில் அதை ஸ்பிரிட்டில் துடைப்பார்கள். இதைக் கேட்டதும் குட்டி ஒரு நோட்டைக் கொண்டுவந்து மாமன் மடியில் போட்டாள். அதில் அவளே கண்டுபிடித்த ஒருத்தி இருந்தாள். பெயர் சாக்கடைராணி. தெருவில் விளையாடும் பிள்ளைகள் தொலைத்த பந்துகளை சாக்கடை மூடியைத் திறந்து உள்ளே இறங்கித் தேடி எடுத்து வருவது அவள் தொழில்.

"கோட்டு மஞ்சள் மாமா. பஸ்ஸுல அடிக்கிற மஞ்சள் இல்ல. முட்டைக்கரு மஞ்சள்."

"அவிச்ச முட்டையா, அவிக்காததா?"

"அவிக்காதது. பூட்ஸ் பச்சை, முட்டிக்கு மேல வரைக்கும். முட்டி கண்டிப்பா மடங்கணும். மடங்காம எப்படிக் குழிக்குள்ள இறங்குவா?"

"மடங்கும்டி கிழவி."

"அவ வந்தாத்தான் நான் உள்ள போவேன். தனியா போகமாட்டேன்."

திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். அன்று வியாழன்; இடையில் அடுத்த வாரம் முழுதாக இருந்தது. கதவு மூடும்போது பொம்மை அவள் கையில் இருக்கும் என்று பாலிஷ் வாக்குக் கொடுத்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில், எப்போதும் பயன்படுத்துகிற அக்ரிலிக் பெயின்ட். உடம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய தூரிகையால் கோட்டின் மூன்று பைகளுக்கும் நிழல் கொடுத்து, கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தான். அவன் கையில் வந்ததிலேயே அழகான முகம் அதுதான் என்று இன்றும் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து, ஆஸ்பத்திரியில் செய்வதுபோல் ஒரே ஒரு தடவை துடைத்தாள். கண், வாய், மூக்கு எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது.

பஞ்சை வைத்தாள், அல்லது வீசினாள்.

"தினமும் துடைப்பாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம் என்னத்த கேட்டுக்கிட்டிருந்த?"

அவன் பஞ்சைப் பார்த்தான். அதில் ஒரு கண் முழுசாக, வெள்ளைப் புள்ளியோடு ஒட்டியிருந்தது.

இரண்டாவதாக, டப்பாவிலிருந்து பீச்சுகிற எனாமல். இரும்புக் கேட்டுக்கு அடிப்பது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாதது. உடம்பு கெட்டிப் பிளாஸ்டிக், அதில் காய்ந்தது. தலை ரப்பர்போல் மெத்தென்ற பிளாஸ்டிக். அதில் காயவே இல்லை. திங்கட்கிழமை தொட்டான், விரல் ஒட்டியது. செவ்வாய்க்கிழமை தொட்டான், விரல்ரேகை அப்படியே பதிந்தது. ஜன்னலில் வைத்தான், வெயிலில் வைத்தான், ஃபேனுக்கு நேராக வைத்தான். சாக்கடைராணி வெல்லப்பாகில் விழுந்து எழுந்தவள்போல் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தாள். ஓர் ஈ வந்து நெற்றியில் உட்கார்ந்தது, பிறகு அதனால் கிளம்ப முடியவில்லை. ஈயை எடுத்தால் நெற்றி கிழியும். அவன் பொம்மையைத் தூக்கி எறியக் கையை ஓங்கிவிட்டு, தலையைக் கழற்றிக் குப்பையில் போட்டான்.

புதன்கிழமை அவனுக்குப் புத்தி வந்தது, அல்லது வந்ததாக நினைத்தான். ஊருக்கெல்லாம் காருக்கு அடிப்பவன் பொம்மைக்கு மட்டும் ஏன் கண்ட பெயின்டையும் அடிக்க வேண்டும்? கார் மேல் பெட்ரோல் சிந்தினாலும் கரையாத சாமான் ஒர்க்‌ஷாப்பில் அவன் அலமாரியில் இருக்கிறது. அந்த லேக்கர் பூச்சில் கெட்டியாக்கி கலந்து அடித்தால் கண்ணாடிபோல் இறுகும். வேறொரு தலை தேடினான், புதிதாகக் கழுவினான், மஞ்சளைக் கலந்தான். அவிக்காத முட்டையின் மஞ்சள் சரியாக அமைந்தது. பெயின்ட் பீச்சும் பெரிய துப்பாக்கி வேண்டாம் என்று, கீறல் மறைக்க வைத்திருக்கும் சின்னத் துப்பாக்கியால் மூன்று பூச்சு அடித்தான். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பிரிட்டில் துடைத்தான். பஞ்சு வெள்ளை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தான். வெள்ளை.

சிரித்தான். முட்டியை மடக்கினான்.

படக்கென்று ஒரு சத்தம். முழங்காலைச் சுற்றிப் பூச்சு விரிசல் விட்டு, பச்சைச் சில்லுகளாக மேஜையில் உதிர்ந்தது. இடுப்பைத் திருப்பினான். கோட்டில் ஒரு கோடு ஓடியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து பம்பர் இதைப் பார்த்தான். அதே ஒர்க்‌ஷாப்பில் கார்களின் பிளாஸ்டிக் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிப்பவன், அதனால் அந்தப் பெயர். பாலிஷைவிட நாலைந்து வயது சின்னவன். பார்த்தான், தட்டில் கையைக் கழுவினான், போய்விட்டான். அவர்கள் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் முன்னால், "அது பம்பர்தான் சார், யார் வேணா அடிக்கலாம்" என்று பாலிஷ் சிரித்துக்கொண்டே சொன்னான். பம்பர் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் "அண்ணே" என்று கூப்பிடவே இல்லை. இருவருக்கும் ஒரே அலமாரி. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஒட்டுத்தாளில் எழுதி டப்பாவில் ஒட்டுவார்கள். ‘துப்பாக்கியைக் கழுவி வைக்கவும்.’ ‘மூடி சரியாகப் போடவும்.’ ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

மடங்குகிற பிளாஸ்டிக்கில் பெயின்டை நிற்கவைப்பதற்கே சம்பளம் வாங்குகிற ஒருவன் பத்தடி தூரத்தில் இருக்கிறான் என்பது பாலிஷுக்கு அந்த வியாழக்கிழமையே தோன்றியது. தோன்றவில்லை என்று அவன் பின்னால் சொல்லிப் பார்த்ததுண்டு. தோன்றியது. ஆனால் அந்தப் பத்தடியை அவன் நடக்கவில்லை. பூச்சு தடித்துவிட்டது, மெலிதாக அடித்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுரண்டினான், மெலிதாக அடித்தான். வெள்ளிக்கிழமை உடைந்தது. கெட்டியாக்கியைக் குறைத்து அடித்தான். சனிக்கிழமை காலையில் ஸ்பிரிட்டில் மஞ்சள் கரைந்து வந்தது, முட்டியும் உடைந்தது. இரண்டு குற்றமும் ஒன்றாக.

போன் அடித்தது. அக்கா.

"முடிஞ்சுதா?"

"முடியப்போகுது."

"முடியப்போகுதுன்னா?"

"முடியப்போகுதுன்னா முடியப்போகுதுக்கா."

"பையில அவ ஸ்பிரிட் பஞ்சு எடுத்து வெச்சிருக்காடா. அவளே துடைப்பாளாம். எனக்கு முன்னாடியே சொல்லிடு. வராதுன்னா வராதுன்னு சொல்லு. நான் அவளைத் தயார் பண்ணணும்."

அவன் போனை வைத்துவிட்டு, பொம்மையை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தான். பம்பர் ஒரு பின்பக்க பம்பரை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. பாலிஷ் பொம்மையை அந்த பம்பர் மேல் நிற்கவைத்தான். அதுவும் நிற்காமல் விழுந்தது.

பாலிஷ் அதை எடுத்துச் சாய்த்து வைத்தான்.

"பெயின்ட் நிக்கமாட்டேங்குது" என்றான் பாலிஷ்.

பம்பர் பொம்மையை எடுத்தான். முட்டியை மடக்கினான், நீட்டினான், சில்லை நகத்தால் பெயர்த்தான்.

"மடங்குற எடத்துல கதவு பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

"கதவு பெயின்ட்தான் ஸ்பிரிட்டுக்குத் தாங்குது."

"தாங்கும். ஆனா கதவு மடங்காதே. மடங்குறதெல்லாம் பம்பர்தான்." அலமாரியைக் கைகாட்டினான். "உங்க கெட்டியாக்கிக்குப் பக்கத்துல நீல மூடி போட்ட டப்பா. ரப்பர் மருந்து. லேக்கர்ல அதைக் கலந்தா வளையும், உடையாது. ஸ்பிரிட்டுக்கும் அசையாது."

அந்தப் பக்கத்து டப்பாவைத்தான் பாலிஷ் தினமும் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தன் டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தான். அதில் ஓர் ஒட்டுத்தாள் இருந்தது, பாலிஷின் கையெழுத்தில்: ‘என் பக்கம் வைக்க வேண்டாம்.’

"அடியில பிளாஸ்டிக் பிரைமர் போடுங்க, இல்லாட்டி பிடிக்காது. இன்னொண்ணு. மூட்டுக்குள்ள பெயின்டே போகக்கூடாது. உள்ள தாள் தேய்ச்சு எடம் விடுங்க. உரசினா எந்தப் பெயின்டும் போயிடும், என் பெயின்டும்தான். பச்சைப் பிளாஸ்டிக்லயே வார்த்த கால் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"பழைய பொம்மையில தவளை மனுஷன் ஒருத்தன் இருக்கான்."

"அவன் காலைக் கழட்டி மாட்டுங்க. நிறம் உள்ளயே இருந்தா எங்க உரியும்?"

பத்து நாளில் ஒருவரும் சொல்லாதது. பாலிஷுக்கு வந்தது கோபம்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"எத்தனை நேரத்துல காயும்?"

"தொட்டா ஒட்டாம நாளைக்குக் காயும். வாசனை போகணும், ஸ்பிரிட்டுக்குத் தாங்கணும்னா நாலு நாள். காரைக் காயவைக்கிற பெரிய அறையில சூடு வெச்சா சீக்கிரம் ஆகும், ஆனா தலை தொங்கிடும். மெது பிளாஸ்டிக்." பம்பர் மனசுக்குள் எண்ணினான். "புதன்கிழமை."

"திங்கக்கிழமை காலையில வேணும்."

பம்பர் முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தான்.

"வியாழக்கிழமையே கேட்டிருந்தா திங்கக்கிழமை கையில இருந்திருக்கும்." அதில் குத்தல் இல்லை. பிறகு, "நானாவது சொல்லியிருக்கலாம். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். மறுபடியும் தாளைத் தேய்க்கத் தொடங்கினான்.

பாலிஷ் அன்றே ரப்பர் மருந்து கலந்து அடித்து, தவளைக் காலை மாட்டிக் காயவைத்தான். திங்கட்கிழமை வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். முந்தின நாளே அக்காவிடம் சொல்லிவிட்டான். அவள் திட்டியிருந்தால் தேவலை. குட்டி பச்சை அங்கி போட்டு, மொட்டைத் தலையோடு சக்கர நாற்காலியில் இருந்தாள். மடியில் பஞ்சுப் பொட்டலம்.

"காயலயா?"

"காயலடா. புதன்கிழமை காஞ்சிடும். வாசனை இருந்தா உள்ள விடமாட்டாங்க."

"முட்டி மடங்குதா?"

"மடங்குது."

"சரி" என்றாள். அழுவாள், அடம் பிடிப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் பஞ்சுப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். "இது இப்ப எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்க." நர்ஸ் நாற்காலியைத் தள்ளினாள். கதவு மூடியது. அவள் தனியாகத்தான் போனாள்.

முதல் இரண்டு நாள்தான் மருந்து கடுமையாக இருந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். வாந்தி எடுக்கும்போது பிடித்துக்கொள்ளக் கட்டில் கம்பிதான் இருந்ததாம். இதை அவள் ஒரே தடவைதான் சொன்னாள்.

புதன்கிழமை மதியம் வார்டு நர்ஸ் பொம்மையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். ஸ்பிரிட்டில் முகத்தை, கோட்டை, பூட்ஸைத் துடைத்தாள். பஞ்சைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை. உள்ளே கொண்டுபோனாள். பாலிஷ் ஜன்னலுக்கு வெளியே நின்றான். குட்டி பொம்மையை வாங்கி முதலில் முட்டியை மடக்கினாள். உதிரவில்லை. இன்னொரு தடவை மடக்கினாள். பிறகு தலையணையில் ஒரு குழி செய்து அதற்குள் சாக்கடைராணியை இறக்கினாள். வெளியே நின்றவனை அவள் பார்க்கவே இல்லை.

குட்டி ஐந்து வாரம் என்று போய் ஏழாம் வாரம் வெளியே வந்தாள். நோய் திரும்பவில்லை. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு மாமன்மேல் கோபம் எதுவும் இல்லை, அந்த இரண்டு நாள் நினைவிலேயே இல்லை என்கிறாள். அக்காவுக்கு நினைவிருக்கிறது. பொம்மை அவள் வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. கோட்டு அப்படியே இருக்கிறது, கண் மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது. பாலிஷ் இன்னும் அதே ஒர்க்‌ஷாப்பில் கதவு அடிக்கிறான், பொம்மை செய்வதை விட்டுவிட்டான். பம்பர் மூன்று வருடம் கழித்து வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். போகும்வரை இருவரும் தேவையானபோது பேசிக்கொண்டார்கள். அண்ணே என்று மட்டும் அவன் கூப்பிடவில்லை.