ஒளிந்து சாப்பிட்டவர்கள்

மாதவிக்குக் குடலில் வந்த நோய்க்கு கிரோன்ஸ் என்று பெயர். பதினைந்து வயதுப் பெண். வயிற்றுவலியும் ரத்தப்போக்குமாகச் சுருண்டு கிடந்தவளுக்கு, குடல் ஆறும்வரை சில வாரங்கள் எந்த உணவும் கூடாது, சத்துப்பால் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து, கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் அவர்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. பிள்ளை வெறும் பாலைக் குடித்துக்கொண்டிருக்க நமக்கு எப்படிச் சோறு இறங்கும் என்றாள் அம்மா தனலெட்சுமி. அவள் வேலையிடத்து கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டாள். அப்பா சுகுமாறன் மேருவில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். திரும்பும் வழியில் சாலையோர ஒட்டுக்கடையில் எதையாவது விழுங்கி, வாயைக் கொப்பளித்து, ஒரு மிட்டாயையும் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். மாதவி பாலோடு அறைக்குள் போய்விடுவாள். மூவரும் சேர்ந்து உட்காரும் நேரம் என்று ஒன்று இல்லாமலே போனது.

சுகுமாறனுக்கு அதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் மகள் பள்ளிக்கூடத்துக் கதை அத்தனையும் சொல்வாள். கணக்கு டீச்சர் மாதிரி நடந்து காட்டுவாள். இப்போது “வலிக்குதாம்மா?”, “இல்லப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சோதனைக்காகக் கோலாலம்பூர் போன நாளில், ரத்தம் எடுத்து முடிந்ததும் அப்பாவும் மகளும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு வழியாக ரயிலுக்கு நடந்தார்கள். வடை பொரியும் வாசம் வந்ததும் சுகுமாறன் மகளின் கையைப் பிடித்துச் சாலையின் மறுபக்கம் இழுத்தார். அவள் நகரவில்லை.

“பசிக்கலயாப்பா உங்களுக்கு?”

“இல்லம்மா. காலையிலயே சாப்பிட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க லா. வாங்க.”

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் அவளே முதலில் நுழைந்தாள். கழிவறை எங்கே என்று கண்ணால் தேடி, அதற்கு அருகில் இருந்த மேசையில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, ஒரு இலை. எங்கப்பாவுக்கு மட்டும்.”

பையிலிருந்து தன் பால் பாட்டிலை எடுத்து வைத்தாள். சோறு வந்தது. சுகுமாறனுக்குக் கை எழவில்லை.

“உன் முன்னால எப்படிம்மா?”

“நீங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடுறது எனக்குத் தெரியாதா? சோறு இல்லாமகூட இருந்துருவேன்பா. ரூம்ல தனியா உட்கார்ந்து குடிக்கிறதுதான்...” அவள் குரல் உடைந்தது. “பார்த்தா ஆசையாத்தான் இருக்கும். அழுவேன். அழுதா என்ன? நீங்க பக்கத்துல உட்காருங்க, போதும்.”

அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“ரசம் எப்படிப்பா?”

“சுமார்தான். உங்கம்மா கைப்பக்குவம் வராது.”

அவள் சிரித்துவிட்டாள். பாலை ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு, வகுப்பில் பிரவின் என்ற பையன் தூங்கி மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தாள். ரயிலில் ஏறிய பிறகும் அந்தக் கதை முடியவில்லை.

அன்று மாலை, வீட்டிலேயே சமைத்துச் சேர்ந்து சாப்பிடலாம் என்று மகள் சொன்னதற்குத் தனலெட்சுமி முதலில் மறுத்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீரை கடைந்தாள், நெத்திலி பொரித்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். பாதியில் மாதவி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தனலெட்சுமி தட்டைத் தள்ளிவைக்கப் போனாள். “இரு” என்றார் சுகுமாறன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சிவந்த கண்களோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ம்மா, நிறுத்தாதீங்க. சாப்பிடுங்க. உங்க கேன்டீன்ல இன்னிக்கி என்ன நடந்துச்சு?”